சிதம்பரத்து ஜெபவீடும் செல்வியின் தாலியும்

2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15, சனிக்கிழமை. காலையில் சபையின் தொடக்கப்பள்ளியில் கொடியேற்றினோம். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் அணிவகுப்பு முடிந்து கூட்டம் கலையும்வரை பொறுத்திருந்து, சைக்கிளில் ஆலயத்துக்கு வந்தேன். சனிக்கிழமை வேலைகளுக்கு எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பீடத்து விரிப்பை மாற்றுவேன். பிறகு நற்கருணைப் பாத்திரத்தை வெந்நீரில் கழுவி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைப்பேன். மெழுகுவர்த்திகளின் திரியை வெட்டுவேன். மறுநாள் பாட்டுகளின் எண்களைப் பலகையில் செருகுவேன். அன்றும் இவற்றையெல்லாம் இதே வரிசையில் செய்தேன். ஆனால் பாட்டு எண்களை இரண்டு முறை தப்பாகச் செருகினேன்.

காரணம், மாலையில் வரப்போகும் ஒரு பெண். அவள் வந்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வராவிட்டால் அதைவிடப் பயம்.

நான் உபதேசியாராக வேலை பார்த்தவன். போதகருக்குக் கீழே இருந்து வீடு வீடாகப் போய் விசாரிப்பது, ஞாயிறு பள்ளி நடத்துவது, புதிதாக வருகிறவர்களுக்கு ஞானஸ்நானத்துக்கு முன் போதனை கொடுப்பது, சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பது, இவைதான் உபதேசியாரின் வேலை. இந்த ஆண்டு, 2012-இல், ஓய்வு பெற்றேன். பிரிவு உபசாரத்துக்கு வந்த இளம் ஊழியர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"கள்ளப் போதகன எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது? டிவிய போட்டா வரிசையா வரானுங்க. நம்ம ஜனங்க அவன் சொன்னத நோட்ல எழுதிக்கிட்டு வந்து எங்கள கேள்வி கேக்கறாங்க."

அவர்கள் என்னிடம் ஓர் அளவுகோலை எதிர்பார்த்தார்கள். எங்களிடமும் ஒன்று இருந்தது. நல்ல அளவுகோல்தான். அது எப்படித் தவறியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு வருடம் வேதபாடம், பிறகு கம்மாபுரம் பக்கத்துக் கிராமச் சபைகளில் பல வருடங்கள். 2004 ஜூனில் கடலூருக்கு மாற்றினார்கள். அதே மாதம் போதகர் ஞானமணி ஐயாவும் வந்து சேர்ந்தார். உயரம் குறைவு, குரலும் குறைவு. கூட்டத்தில் மூப்பர்கள் சண்டை போட்டால் அவர் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார், அல்லது ஆர்மோனியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதாவது முடுக்குவார். கவனிக்கவில்லை என்று நினைப்போம். திடீரென்று ஒரு கேள்வி வரும். யாராவது உபதேசப் பிரச்சினை ஒன்றைக் கொண்டுவந்தால் அவர் முதலில் கேட்பது, "இதனால யாருக்கு வலிக்குது?" என்பதுதான். பேரைச் சொன்னால்தான் மேலே பேசுவார்.

அந்த வருடக் கடைசியில் சுனாமி வந்தது. தேவனாம்பட்டினத்தில் சடலங்களை எடுத்த கைகளோடு நாங்கள் புத்தாண்டு ஆராதனை நடத்தினோம். அரிசியும் போர்வையும் கொண்டு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். பலர் நல்லவர்கள். வந்தவர்களில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்ய இடம் கேட்டார்கள். யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் ஐயா அந்த முறையைக் கொண்டுவந்தார்.

"யாரா இருந்தாலும் சரி, மொதல்ல ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஒரு பாடம் நடத்தட்டும். நாம பின்னாடி ஒக்காருவோம். பிள்ளைங்க கேள்வி கேக்கும். எதாவது ஒரு கேள்விக்காவது எனக்குத் தெரியாதுன்னு சொல்றானா பாரு. தெரியாதுன்னு சொல்ல வராதவனுக்கு மேடை கெடையாது."

முதலில் மாட்டியவர் கிதாரோடு வந்த ஒருவர். கடல் ஏன் பொங்கியது என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். பாவம் ஜாஸ்தியானதால் என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு மீனவப் பெண்பிள்ளை எழுந்து, "எங்க தம்பிக்கு ஒரு வயசுதான். அவன் என்னா பண்ணான்?" என்று கேட்டாள். அந்த மனிதர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவரிடம் அதற்கும் பதில் இருந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தபோது ஐயா எழுந்து போய் அவர் கையைப் பிடித்தார். பேசாமல் பஸ் நிலையம்வரை கூட்டிப்போய், டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தார். பிறகு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியலம்மா" என்றார். அந்த முறையில் எனக்கு அன்றைக்கு வந்த நம்பிக்கை நாலு வருடம் நின்றது.

2008-இல், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் சகோதரர் தீமோத்தேயு வந்தார். முன்பு எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். சிதம்பரத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் வாடகை வீட்டில் ஜெபம் நடத்திவந்தார். சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கொண்டுவருவார், யார் வீட்டிலும் கை நனைக்கமாட்டார், எங்களிடம் காணிக்கை வாங்கமாட்டார். வந்த அன்றே எங்கள் மின்விசிறி ஒன்றைச் சரிசெய்து கொடுத்தார். ஞாயிறு பள்ளியில் நோவாவின் பேழையைப் பற்றி நடத்தினார். ஒரு பையன், "எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா ஏத்தினாரே, கொசுவ எதுக்கு ஏத்தினாரு?" என்றான். கடலூர்ப் பிள்ளை வேறு எதைக் கேட்கும்? தீமோத்தேயு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்கும் தெரியலடா ராசா. நான் மேல போனா மொத கேள்வியே அதான்."

ஐயா என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். இரண்டு ஞாயிறுகள் பிரசங்கம் கொடுத்தோம். எங்கள் முறை சரியாகத்தான் நடந்தது. இன்று நினைத்தாலும் அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தீமோத்தேயு முதலில் சொன்னது குடிக்கக்கூடாது என்பது. எங்களுக்கு மகிழ்ச்சி. பிறகு டிவி கூடாது என்றார். பரவாயில்லை என்று நினைத்தோம். அதற்கு மேல் நடந்ததை எனக்கு முதலில் சொன்னது ஆலய வாசலில் பூ விற்கிற அம்மா.

"என்னா உபதேசியாரே, ஒங்க பொம்பளைங்களுக்கு என்னா ஆச்சு? ரெண்டு வாரமா ஒரு மொழம் கூட போவல. எல்லாரும் ஒண்ணா சேந்து துக்கம் காக்கறீங்களா?"

உள்ளே போய்ப் பார்த்தேன். பூ இல்லை. சிலர் காதில் கம்மலும் இல்லை. பூ வைத்திருந்த மூன்று பெண்கள் கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஐயாவிடம் சொன்னேன்.

"பூ வெக்காதது தப்பில்ல உபதேசியாரே. வெச்சிருக்கறவள பின்னாடி தள்றது தப்பு. எப்ப ஆரம்பிச்சிது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் பெண்கள் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய்வருவதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர்களில் ஒருத்தி செல்வி. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பில் இருந்தாள். தையல் வேலை. ஞானஸ்நானத்துக்கு முன் ஆறு மாதம் என்னிடம் பாடம் படித்தவள். அவள் புருஷன் முருகேசன் ஒரு கம்பெனியில் பம்ப் ஆபரேட்டர். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை, ஆகப்போவதாகவும் சொன்னதில்லை. ஆனால் ஞாயிறுதோறும் வண்டியில் அவளைக் கொண்டுவந்து விட்டு, ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு பெண்பிள்ளை. பிறந்ததிலிருந்தே மூச்சு இழுப்பு.

தீமோத்தேயு அந்தப் பிள்ளைக்காகக் கண்ணீர்விட்டு ஜெபித்தார். இழுப்பு நிற்கவில்லை. தடை எங்கே இருக்கிறது என்று செல்வி கேட்டாள். பிள்ளையார் முன்னால் வைத்துக் கட்டிய தாலி இன்னும் உன் கழுத்தில் இருக்கிறதே என்று அவர் ஞாபகப்படுத்தினார். 2009 ஜூலையில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்து ஜெபவீட்டுக்கு உபவாசம் இருக்கப் போனாள். இரண்டாம் நாள் தாலியைக் கழற்றினாள்.

செய்தி வந்ததும் ஐயாவும் நானும் பஸ்ஸில் போனோம். ஜெபவீட்டின் கூடத்தில் பாய் விரித்திருந்தது. செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தைப் பார்க்க முடியாமல் நான் பாயைப் பார்த்தேன். தீமோத்தேயு எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார்.

ஐயா கேட்டார்: "தம்பி, இந்தப் பொண்ண தாலிய கழட்டச் சொன்னியா?"

"நான் சொல்லலீங்க ஐயா. ஒன் கழுத்துல என்னா இருக்குன்னு ஆண்டவர் பாத்துக்கிட்டிருக்காருன்னு சொன்னேன். அவுங்களா கழட்டினாங்க."

"கழட்டாம இருந்திருந்தா?"

தீமோத்தேயு முற்றத்தைக் காட்டினார். அங்கே பிள்ளை இன்னொரு பிள்ளையைத் துரத்திக்கொண்டு ஓடியது. ஓடி முடித்துச் சிரித்தது. அந்தப் பிள்ளை ஓடி நான் பார்த்ததே இல்லை.

"வந்ததுலேந்து இழுப்பு இல்லீங்க ஐயா. நீங்களே பாருங்க. நான் பொய் சொல்றனா?"

பொய் சொல்லவில்லை.  ஒரு கணம் நானே நம்பிவிட்டேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். பொய்யான போதனைக்குப் பக்கத்தில் ஒரு நிஜம் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

திரும்பும்போது ஐயா ஜன்னலோரம் உட்கார்ந்தார். சிப்காட் நெருங்கியதும் பஸ்ஸுக்குள் ரசாயனக் கம்பெனிகளின் அழுகின முட்டை நாற்றம் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

"கைய எடு உபதேசியாரே," என்றார். "நல்லா இழு. இந்தப் பிள்ள பொறந்ததுலேந்து இதத்தான் இழுத்துக்கிட்டிருக்கு. சிதம்பரத்துல இது இல்ல."

செல்வி மாத முடிவில் வீடு திரும்பினாள். வாசலிலேயே மாமியார் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டார். "எம்புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே அவனுக்குக் கருமாதி பண்ணிட்டாளே" என்று தெருவுக்கே கேட்க அழுதார். முருகேசன் பிள்ளையையும் பையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். செல்வி மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போனாள். இரண்டே நாளில் பிள்ளைக்கு மறுபடி இழுப்பு வந்தது.

ஆகஸ்டு 15 மாலை அவள்தான் வரவேண்டியிருந்தது. எங்கள் சபையில் ஞாயிறு நற்கருணை எடுக்கிறவர்கள் முந்தின நாள் மாலை நேரில் வந்து உபதேசியாரிடம் பேர் கொடுப்பது வழக்கம். நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: "யாரோடயாவது மனத்தாங்கல் இருக்கா?" இருக்கிறது என்றால் போய்ப் பேசிவிட்டு வரச்சொல்வேன். மாமியாரோடு சண்டை, வரப்புத் தகராறு, தண்ணிக் குழாய்த் தகராறு எல்லாம் என் நாற்காலிக்கு முன்னால் வந்திருக்கின்றன.

செல்வி கடைசியாக வந்தாள். நைந்த முகம். நான் கேட்பதற்கு முன்பே பேசினாள்.

"எல்லாரோடயும் இருக்கு ஐயா. அத்தையோட, அவரோட, என்னோட. பேர் குடுக்கலாமா?"

"உட்காரும்மா."

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நான் திரும்பக் கட்டிக்கிட்டா பாப்பாவுக்கு மூச்சு நின்னுடுமா? கழட்டினேன், நல்லாச்சு. அவுரு வீட்டுக்குள்ள போச்சு, திரும்ப வந்துடுச்சி. நான் கண்ணால பாத்தேன் ஐயா."

சிப்காட் காற்றைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டாள், ஆனால் ஏற்கவில்லை. "அப்ப அந்தத் தெருவுல மத்தப் பிள்ளைங்க ஓடுதே" என்றாள்.  ஐயா உள்ளேயிருந்து வந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"செல்வி, ஒன் கழுத்துல இருந்த பவுன் மேல ஆண்டவருக்கு என்னாம்மா கோவம்? அதுல ஒரு குண்டுமணிகூட அவுருக்கு வேணாம். போட்டா ஒசத்தி இல்ல, கழட்டினாலும் ஒசத்தி இல்ல. ஒனக்காக அவர் செய்யறத செஞ்சி முடிச்சாச்சி. நீ ஒண்ணும் சேத்துக் குடுக்க வேண்டியதில்ல. பாப்பாவ திங்கக்கெழம பெரியாஸ்பத்திரில காட்டுவோம், நானும் வரேன்."

"பயமா இருக்கு ஐயா."

"இருக்கட்டும். பயத்தோடயே வா. பேர் எழுதிக்க, உபதேசியாரே."

எழுதினேன். அவள் போனதும் மூப்பர்கள் கூடினார்கள். செயலாளர் மோசஸ், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், இரண்டு தீர்மானங்களைத் தயாராக வைத்திருந்தார். சிதம்பரம் ஜெபவீட்டுக்குப் போனவர்கள் சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கும்வரை நற்கருணை கிடையாது என்பது ஒன்று. செல்வி மறுபடி தாலி கட்டிக்கொள்வதைச் சபை அனுமதிக்கக்கூடாது என்பது இன்னொன்று. முருகேசன் பிள்ளையார் கோயிலில் வைத்துத்தான் கட்டுவார், அதற்குச் சபை உடந்தையாகக்கூடாது என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதம் நடந்தது. கோயிலில் கட்டினால் அது விக்கிரக ஆராதனையா, வாசலில் கட்டினால் எப்படி, தெருவில் கட்டினால் எப்படி என்று ஒவ்வொன்றாக அலசினோம். நானும் பேசினேன். ஐயா மைக் ஒயரைச் சுருட்டி முடித்து ஆணியில் மாட்டினார்.

"வாத்தியாரே, தீமோத்தேயு கழட்டுன்னு ஒரு சட்டம் போட்டான். நீங்க கட்டாதன்னு ஒண்ணு போடறீங்க. நடுவுல அந்தப் பொண்ணு கழுத்துதான் மாட்டிக்கிட்டு இருக்கு."

"அப்ப சபைக்குக் கட்டுப்பாடே வேணாங்கறீங்களா ஐயா? நாளைக்கு வேற ஒருத்தன் வருவான்."

"வருவான். நம்ம பசங்கள வெச்சி சோதிச்சோம், அவன் பாஸ் பண்ணிட்டான். இனிமே பெரியவங்ககிட்ட அவன் என்னா பேசறான்னு நாமளும் போய் ஒக்காரணும். அந்த வேலைய நான் செய்யல. அதுக்கு மன்னிப்பு கேக்கணும்னா நான்தான் கேக்கணும்." மோசஸ் பக்கம் திரும்பினார். "சரி, முருகேசன் கோயில்லதான் கட்டுவேன்னு சொன்னாரா?"

மோசஸ் என்னைப் பார்த்தார். நான் அடுத்தவரைப் பார்த்தேன்.

"அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரமாக அந்த மனிதரைப் பற்றித்தான் பேசினோம். அவரோடு ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஆட்களுக்கு மட்டுமே இப்படி நடக்கும். சபைக் காரியம் என்றால் சபையில் பேர் உள்ளவர்களோடுதான் பேசுவோம். தீர்மானங்கள் எழுதப்படாமல் கூட்டம் முடிந்தது. மோசஸ் கோபமாகத்தான் போனார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. முருகேசன் முடியாது என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு நாங்கள்தான் பொறுப்பு.

மறுநாள் காலை முதல் வேலையாக, விடிந்தும் விடியாமலும், ஐயாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து சிப்காட் போனேன். இரவு ஷிப்ட் விட்டதும் முருகேசன் கம்பெனி கேட்டிலிருந்து வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"அவளுக்கு எதாவது ஆயிடுச்சா?"

"இல்லப்பா. நல்லா இருக்கா," என்றார் ஐயா. "எங்கள நம்பித்தான் வாரா வாரம் கொண்டாந்து விட்ட. நாங்க பாத்துக்கல. அதச் சொல்லத்தான் வந்தோம்."

முருகேசன் ரோட்டைப் பார்த்தார். பிறகு டீக்கடைக்காரரிடம் மூன்று விரலைக் காட்டினார். டீ பாதியில் கிளாஸைக் கீழே வைத்தார்.

"சாப்பிடறாளா? உபாசம் உபாசம்னு எளைச்சிப் போயிட்டா."

"நேத்து சாப்பிட்டா," என்றேன்.

"தாலி எங்க கட்டணும்னு ஒனக்கு ஒரு எண்ணம் இருக்கும். சொல்லுப்பா," என்றார் ஐயா.

"எடத்துல என்னாங்க இருக்கு? எங்க வேணா கட்டறேன். ஒங்க சர்ச்சுல, எங்க வீட்ல, அவ அக்கா வீட்டு அடுப்பங்கரைல. பயப்படாம அவ தலைய குனியணும். எனக்கு அவ்ளோதான்."

"பயம் போயிடுச்சின்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா குனிவா. நேத்து பேசினோம்."

முருகேசன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையின் உறையில் விரலை விட்டார். அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு மடித்த கர்ச்சீப் வந்தது. பிரித்து உள்ளே இருந்த தாலியைக் காட்டினார்.

"அவ பையில இருந்திச்சி. காணிக்கைப் பொட்டில போடச் சொன்னாராம் அந்தாளு, பாப்பா சொல்லிச்சி. அவ போடல. வீட்ல வெச்சா எங்கம்மா கண்ல படும், அதான் கூடவே வெச்சிருக்கேன்." ஐயாவைப் பார்த்தார். "கயிறுதான் நைஞ்சி போச்சி. புதுசு வாங்கணும். ஞாயித்துக்கெழம இந்நேரத்துக்கு எங்க கெடைக்கும்?"

"திருப்பாதிரிப்புலியூர்ல தொறந்திருப்பாங்க. நீ போய்ட்டு மஞ்சக்குப்பத்துல அவ அக்கா வீட்டுக்கு வந்துடு உபதேசியாரே. நான் இவர கூட்டிக்கிட்டுப் போறேன்," என்றார் ஐயா.

டவுன் பஸ் பிடித்துப் போனேன். கோயில் சன்னதித் தெருவில் பூக்கடைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கடை திறந்திருந்தது. ஞாயிறு உடையில், தோளில் வேதாகமப் பையோடு, அந்தக் கடையின் முன்னால் நின்றேன். எங்கள் ஆட்கள் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

"தாலிக்கயிறு ஒண்ணு குடுங்கம்மா."

"கல்யாணங்களா?"

"இல்ல, கயிறு மாத்தறதுக்கு."

"பொண்ணுக்கா?"

"ஆமா, பொண்ணுக்கு."

"மஞ்ச தடவிக் குடுக்கட்டா?"

"நல்லா தடவிக் குடுங்க," என்றேன்.